பெயர் எழுதப்படாத குடங்கள்: ஜூனி பயணக் குறிப்புகள்

செவ்வாய், சாண்டா ஃபே

ஜூனி மட்கலங்களைப் பார்க்க விரும்புகிறவர் நேராக ஜூனி என்ற ஊருக்குத்தான் போக வேண்டும் என்று தோன்றும். ஆனால் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வனைந்த குடங்களில் மிகப் பல இன்று அந்த ஊரில் இல்லை. வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் இங்கே சாண்டா ஃபேயிலும் உள்ள அருங்காட்சியகக் கிடங்குகளில், எண் ஒட்டிய அடுக்குகளில் அவை இருக்கின்றன. ஆகவே ஊருக்குப் போகும் முன், ஊரை விட்டு வந்துவிட்ட குடங்களைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் தலைநகரான சாண்டா ஃபேயிலிருந்து பயணத்தைத் தொடங்கினேன்.

இன்று ஸ்கூல் ஃபார் அட்வான்ஸ்ட் ரிசர்ச் என்னும் ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பறையை, முன்பதிவு செய்திருந்த சிறு குழுவோடு சேர்ந்து பார்த்தேன். இந்தச் சேகரிப்பின் தொடக்கமே ஒரு ஜூனிக் குடம்தான். 1922ஆம் ஆண்டு, எழுத்தாளர் எலிசபெத் ஷெப்லி சார்ஜென்ட் வீட்டில் நடந்த ஒரு விருந்தில் அழகிய ஜூனிக் குடம் ஒன்று உடைந்துபோனது. புவெப்லோ மக்களின் பழைய மட்கலங்கள் ஒவ்வொன்றாக ரயிலேறி வெளியூர்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அன்று அங்கே கூடியிருந்தவர்கள், எஞ்சியிருப்பவற்றையாவது அவை பிறந்த மண்ணிலேயே காக்க வேண்டும் என்று ஒரு நிதியம் தொடங்கினார்கள். இந்தியன் ஆர்ட்ஸ் ஃபண்ட் என்று பின்னர் பெயர்பெற்ற அந்த அமைப்பு திரட்டிய கலங்கள்தான் இப்போது இங்கே இருக்கின்றன. புவெப்லோ மக்கள் என்போர் நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் பல நூற்றாண்டுகளாக நிலையான ஊர்கள் அமைத்து, சோளம் பயிரிட்டு வாழ்கின்ற பூர்வகுடிகள். ஜூனி அந்த ஊர்களுள் ஒன்று. ஜூனி மக்கள் தங்களை ஆஷிவி என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய மொழிக்கு உலகில் வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை.

ஜூனிக் குடம் ஒன்றின் முன் நிதானமாக நிற்க வாய்த்தது. ஏறத்தாழ 25 செ.மீ. உயரமும் அதைவிடக் கூடுதலான அகலமும் கொண்டது. அகன்ற தோள், குட்டையான கழுத்து. வெண்களி பூசிய பரப்பின்மேல் கருப்பும் செங்காவியும் கொண்டு தீட்டியிருக்கிறார்கள். கழுத்துக்கு ஒரு கோலமும் உடலுக்கு வேறொரு கோலமுமாக, இரண்டையும் தனித்தனி நிலங்களாகவே பிரித்துக்கொள்வது ஜூனி முறை. உடலின் நடுவில் சூரியகாந்தியை ஒத்த பெரிய வட்டப்பூ. அதன் இருபுறமும் பக்கவாட்டில் நிற்கும் மான்கள். ஒவ்வொரு மானின் வாயிலிருந்தும் ஒரு செந்நிறக் கோடு கிளம்பி, நெஞ்சுக்குள் சென்று அம்புமுனையாக முடிகிறது. மானுக்குமேல் வளைந்து கவியும் சுருள்கள் அதற்கு ஒரு வீடு போல அமைகின்றன. பூவுக்கும் மானுக்கும் இடையே மெல்லிய பட்டையில் சிறு பறவைகள் வரிசையாகச் செல்கின்றன. கழுத்தும் உடலும் சந்திக்கும் இடத்தில் குடத்தைச் சுற்றிவரும் கோடு முழு வட்டமாக மூடுவதில்லை. விரல் அகலத்துக்கும் குறைவான ஓர் இடைவெளி விட்டு நின்றுவிடுகிறது.

அடிப்பகுதி உள்நோக்கிக் குழிந்திருக்கிறது. தலையில் வைத்து நீர் சுமப்பதற்கான அமைப்பு அது. ஜூனிப் பெண்கள் யக்கா என்னும் பாலைச்செடியின் இலைகளைப் பின்னிச் சும்மாடு செய்துகொண்டார்கள். ஒரு குடம் வீட்டில் பயன்பட்டதா, விற்பதற்கென்றே வனைந்ததா என்பதை அறிய நான் முதலில் பார்ப்பது இந்த அடிக்குழியின் விளிம்பைத்தான். தரையிலும் தலையிலும் பல ஆண்டுகள் இருந்த குடத்தின் விளிம்பு தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். நான் பார்த்த குடத்தின் விளிம்பில் தேய்மானமே இல்லை. வாங்க வந்த ஒருவருக்காக யாரோ ஒரு பெண் இதை வனைந்திருக்கிறார் என்றே கருதுகிறேன்.

யார் அந்தப் பெண் என்பதற்கு அட்டையில் விடை இல்லை.

புதன், சாண்டா ஃபே

இன்று முழுவதும் வாசிப்புக்கே சென்றது. சேகரிப்பின் வரலாறு தெரியாமல் ஊருக்குள் நுழைவது முறையன்று என்று நினைத்தேன்.

1879ஆம் ஆண்டு செப்டம்பரில், வாஷிங்டனில் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த இனவியல் பணியகத்தின் குழு ஒன்று ஜூனிக்கு வந்தது. தலைவர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன். உடன் அவருடைய மனைவி மெட்டில்டா காக்ஸ் ஸ்டீவன்சன், ஒளிப்படக் கலைஞர் ஜான் ஹில்லர்ஸ், இருபத்திரண்டு வயதான ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங். குஷிங் அங்கேயே தங்கி, மொழி கற்று, நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக ஜூனி மக்களோடு வாழ்ந்தார். ஸ்டீவன்சன் பண்டமாற்று செய்து கலங்களைத் திரட்டினார். தொடர்ந்து வந்த சில ஆண்டுகளில், அடுக்களையில் இருந்த குடங்கள், கறிச்சாறு பரிமாறும் பெரிய தாழிகள், வழிபாட்டில் மாவு வைக்கும் படிக்கட்டு விளிம்புக் கிண்ணங்கள் என ஆயிரக்கணக்கான மட்கலங்கள் வாஷிங்டனுக்குச் சென்றன. 1883இல் வெளியான ஸ்டீவன்சனின் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எண் உண்டு, வடிவ வருணனை உண்டு, வண்ணப் படங்களும் உண்டு. வனைந்தவர் பெயர் இல்லை. புரூக்ளின் அருங்காட்சியகத்தின் ஸ்டூவர்ட் குலின் 1903 முதல் பலமுறை வந்து வாங்கிச் சென்றார். இப்படியே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

ரயில் பாதை 1881இல், ஜூனிக்கு வடக்கே உள்ள கேலப் என்ற ஊர் வழியாக வந்தது. மலிவான தகர வாளிகளும் எனாமல் பாத்திரங்களும் அதனோடு வந்தன. நீர் சுமக்கக் குடம் தேவைப்படாத நாளில் குடம் வனையும் கை என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் ஆய்வாளர்கள் சொல்லிவந்த விடை எனக்கு ஏற்புடையதன்று. வெளியாருக்காக வனையத் தொடங்கியதும் கலை தாழ்ந்துவிட்டது, ஆகவே பழமையான பயன்பாட்டுக் கலங்களே உண்மையானவை, பின்னால் வந்தவை வெறும் நினைவுப்பொருள்கள் என்பது அந்த விடை. அவசரமாகத் தீட்டி விற்கப்பட்ட கலங்கள் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் விற்பனைக்கென்று வனைந்த நல்ல குடங்களிலும் கழுத்தும் உடலும் பிரிந்தே இருக்கின்றன. மானின் நெஞ்சுக்கோடு இருக்கிறது. சுற்றுக்கோட்டின் இடைவெளி இருக்கிறது. வாங்குகிறவருக்கு அந்த இடைவெளியின் தேவை தெரியாது. வனைகிறவருக்குத் தெரியும். அவர் அதை விட்டே தீட்டினார்.

அந்த இடைவெளியைப் பற்றிக் குஷிங் 1886இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஜூனிப் பெண்கள் வனைந்த கலத்தை உயிருள்ளதாகக் கருதினார்கள். அந்த உயிர் வெளியேறும் வழியாகவே கோட்டில் இடம் விட்டார்கள் என்பது அவர் கேட்டறிந்த செய்தி. சுடும்போது கலம் எழுப்பும் ஓசையை அந்த உயிரின் குரலாகக் கருதியதால், வனையும்போதும் தீட்டும்போதும் வேண்டாத ஒலி எழுப்பாமல் இருந்தார்கள் என்றும் எழுதுகிறார். குஷிங்கின் எழுத்தில் அவருடைய சொந்தக் கற்பனையும் கலந்திருக்கும் என்பதால் எதையும் அப்படியே ஏற்க முடிவதில்லை. எனினும் இந்தச் செய்தி குடங்களோடு பொருந்திப்போகிறது.

வியாழன், வழியில்

ஆல்புகர்க்கியைக் கடந்து மேற்கே கிராண்ட்ஸ் வரை நெடுஞ்சாலை; பிறகு 53ஆம் எண் மாநிலச் சாலை. கருத்து உறைந்த எரிமலைக் குழம்பு வெளிகளையும் பைன் காடுகளையும் தாண்டி எல் மோரோ பாறை வருகிறது. அதன் அடியில் வற்றாத ஒரு சுனை இருப்பதால் வழிப்போக்கர் எல்லோரும் இங்கே தங்கிச் சென்றார்கள். தங்கியவர்கள் பெயரைப் பாறையில் செதுக்கினார்கள். ஸ்பானிய ஆளுநர் உவான் தெ ஒன்யாத்தே 1605இல் செதுக்கியது இன்றும் தெளிவாக இருக்கிறது. அதற்கும் மிக முந்தைய பூர்வகுடிச் செதுக்கல்கள் அதே பாறையில் உள்ளன. பார்த்துவிட்டு நிற்காமல் கிளம்பினேன். மாலைக்குள் ஜூனிக்கு வந்து சேர்ந்தேன்.

வெள்ளி, ஜூனி

ஊருக்குள் ஒளிப்படம் எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். சடங்குகளைப் படமெடுக்கவோ வரையவோ கூடாது. பழைய நடுவூருக்குள் வழிகாட்டியோடுதான் செல்ல முடியும். நூறாண்டுக்கு மேலாக எழுதுகோலும் கேமராவும் ஏந்தி வந்தவர்களைக் கண்ட ஊர் இப்படி விதித்துக்கொள்வது முற்றிலும் நியாயமானது. நான் கேமராவைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

தென்கிழக்கே, ஊரிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்து நிற்கும் தட்டை உச்சி மலை டோவா யலன்னே, அதாவது சோள மலை. சிவப்பும் வெண்மையுமான பாறைப் பட்டைகள் அதன் பக்கங்களில் ஓடுகின்றன. 1680இல் புவெப்லோ மக்கள் ஸ்பானியரை எதிர்த்து எழுந்தபோது ஜூனி மக்கள் அதன் உச்சிக்கு ஏறிப் பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார்கள். இறங்கி வந்த பிறகு, பல ஊர்களாக இருந்தவர்கள் ஹலோனா என்ற இந்த ஒரே ஊரில் கூடினார்கள். மட்கலத்திலும் அந்தக் காலத்தை ஒட்டி ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பு கண்ணாடிபோல் மின்னும் மெருகுவண்ணத்தால் தீட்டியவர்கள், 1700ஐ ஒட்டி அதைக் கைவிட்டு மின்னாத வண்ணங்களுக்கு மாறினார்கள். ஆய்வாளர்கள் அந்தப் புதிய வகையை ஆஷிவி வகை என்றும், 1760ஐ ஒட்டி வந்ததைக் கியாப்குவா வகை என்றும், 1850க்குப் பிந்தியதை ஜூனி வகை என்றும் பிரிக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் வாங்கிச் சென்றவற்றுள் மிகப் பெரும்பங்கு இந்தக் கடைசி வகையே.

அந்த மலையில் களிமண் எடுக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே தன்னை அழைத்துச் சென்ற ஒருவரைப் பற்றி மெட்டில்டா ஸ்டீவன்சன் எழுதியிருக்கிறார். அவர் பெயர் வீவா. ஆணாகப் பிறந்து, பெண்களுக்குரிய உடையையும் பணிகளையும் ஏற்று வாழ்ந்தவர். ஜூனி மக்கள் இத்தகையோரை லாமனா என்று அழைத்து, ஊரின் வாழ்வில் அவர்களுக்கு மதிப்பான இடம் தந்திருந்தார்கள். மண் எடுக்கும் இடம் நெருங்கியதும் பேசக்கூடாது என்று வீவா சொல்லிவிட்டார். பேசினால் சுடும்போது கலம் வெடித்துவிடும், இடைவிடாமல் வேண்டிக்கொண்டிருந்தால்தான் மண் தன்னைக் காட்டும் என்பது அவர் சொன்ன காரணம். வீவா 1886இல் வாஷிங்டன் சென்று சில மாதங்கள் தங்கி, தறியில் நெய்து காட்டினார். குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்தையும் சந்தித்தார். தம் மட்கலங்களையும் நெசவையும் வெளியாருக்கு விற்ற முதல் ஜூனியருள் ஒருவர் அவர். 1896இல் இறந்தார். அந்தத் தலைமுறையின் வனைவோருள் பெயரும் முகமும் நமக்குத் தெரிந்தவர் என்று நான் சொல்லக்கூடியவர் இவர் ஒருவரே; அதுவும் அவர் வாஷிங்டன் சென்றதால் தெரிகிறது.

பிற்பகலில் ஆஷிவி அவான் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். இதை நடத்துவது ஜூனி மக்களே. ஊருக்குத் தென்மேற்கில் உள்ள ஹாவிக்கு என்னும் பழைய ஊர், 1540இல் ஸ்பானியத் தளபதி கொரோனாடோவின் படை தாக்கிய இடம். 1917 முதல் 1923 வரை ஃபிரெடரிக் வெப் ஹாட்ஜ் அங்கே அகழ்ந்தெடுத்த பொருள்கள் நியூயார்க்குக்குச் சென்றன. அவற்றுள் சில, பல பத்தாண்டுகள் கழித்து, இந்த அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்து, ஜூனி மக்களே எழுதிய விளக்கங்களோடு காட்சிக்கு வைக்கப்பட்டன. பொருள் திரும்புவதும் அதைப் பற்றிப் பேசும் உரிமை திரும்புவதும் சேர்ந்து நடக்க வேண்டியவை என்ற எண்ணம் இந்த ஊரில் எனக்கு உறுதிப்பட்டது.

சனி, ஜூனி

இன்று மட்கலம் வனையும் ஒரு அம்மாவின் வீட்டில் காலை முழுவதும் இருந்தேன். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பெயர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும்போது இது முரணாகத் தோன்றலாம். ஆனால் எழுத வேண்டாம் என்று முடிவு செய்தவர் அவரே. அன்று பட்டியலில் விடுபட்ட பெண்களை யாரும் கேட்கவில்லை.

இங்கே குயவர் சக்கரம் கிடையாது. ஊறவைத்துச் சலித்த களியோடு, பழைய பானையோடுகளை இடித்துப் பொடித்துச் சேர்க்கிறார். சுடும்போது கலம் வெடிக்காமல் காப்பது அந்தப் பொடிதான். தாத்தா பாட்டி காலத்து ஓடுகள் புதிய குடத்துக்குள் போகின்றன என்பதை அவர் சொன்னபோது குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. அடியைக் கையால் அமைத்து, மண்ணைக் கயிறாக உருட்டி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி எழுப்பி, சுரைக்காய் ஓட்டுத் துண்டால் உள்ளும் புறமும் வழித்துச் சுவரைச் சீராக்குகிறார். உலர்ந்த பின் வெண்களிக் கரைசலை மீண்டும் மீண்டும் பூசி, வழவழப்பான கல்லால் தேய்க்கிறார். தேய்க்கும் கல் அவருடைய மாமியாருடையது. கருப்புக்கு இரும்புச் சத்துள்ள கல்லை அரைத்து, தேனீச்செடி என்று இங்கே சொல்லப்படும் காட்டுக் கீரையைக் கொதிக்கவைத்து இறுக்கிய சாற்றோடு குழைக்கிறார். தூரிகை, நுனியை மென்று நாராக்கிய யக்கா இலை. அளவுகோல் இல்லை, கரிக்கோடு இல்லை. குடத்தைச் சுழற்றி ஒருமுறை விரலால் அளந்துகொண்டு நேரே தீட்டத் தொடங்கிவிட்டார்.

மானிடவியலாளர் ரூத் பன்செல் 1924இல் இந்த ஊருக்கு வந்தபோது, அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார்: வனைகிறவர்களிடமே உட்கார்ந்து, தாமும் வனையக் கற்று, கோலம் எப்படி மனத்தில் உருவாகிறது என்று கேட்டார். தீட்டத் தொடங்கும் முன்பே முழுக் கோலமும் மனத்தில் இருக்கும் என்றும், சில கோலங்கள் கனவில் வரும் என்றும் அவர்கள் சொன்னதை 1929இல் வெளியான தம் நூலில் பதிந்தார். நான் அந்த அம்மாவிடம் கனவைப் பற்றிக் கேட்டேன். “கனவில் வந்தால் காலையில் மறந்துபோகும். கையில் இருப்பதுதான் நிற்கும்” என்றார்.

சுடுவது முன்பு ஆட்டுப்பட்டியில் மிதிபட்டு இறுகிய எருவில். எருக்கட்டிகளைக் கலத்தைச் சுற்றிக் கூடாக அடுக்கி மூட்டுவார்கள். எரு சரிந்து கலத்தில் பட்டால் அந்த இடம் கருகித் திட்டாகிவிடும். இவர் பெரும்பாலும் மின்சூளையில் சுடுகிறார்; கருந்திட்டு விழுந்த கலத்தை வாங்க வருகிறவர்கள் ஒதுக்கிவிடுவதே காரணம். பழைய குடங்களில் அந்தத் திட்டுகள் எனக்குப் பிடித்தமானவை, ஆனால் பல நாள் உழைப்பை ஒரு திட்டுக்கு இழக்க வேண்டியவர் நானல்லவே.

ஜூனியில் வனையும் கலை ஒருகட்டத்தில் அறுந்துபோகும் நிலைக்கு வந்தது. 1872ஐ ஒட்டி, அண்டைப் பூர்வகுடியான நவஹோ இனத்துக் கொல்லர் ஒருவரிடமிருந்து இவர்கள் கற்ற வெள்ளி வேலை, இருபதாம் நூற்றாண்டில் வணிகர்களின் ஊக்கத்தால் பெருந்தொழிலாகி, கல்பதித்த நகைகளே ஊரின் வருமானமாயின. மண்ணைத் தொட்டவர்கள் மிகச் சிலர். ஜூனி உயர்நிலைப் பள்ளியில் மட்கல வகுப்பு நடத்தி அடுத்த தலைமுறையை உருவாக்கியவர்கள், ஜூனிக்கு வாழ வந்த வேற்றூர்ப் பெண்கள்: ஹோப்பி-தேவா குலத்தின் புகழ்பெற்ற வனைஞர் நம்பேயோவின் பேத்தி டெய்சி ஹூயி, அவருக்குப்பின், அகோமா என்னும் மற்றொரு புவெப்லோ ஊரில் பிறந்த ஜென்னி லாட்டே. இருவரும் மாணவர்களுக்குத் தம் சொந்த ஊர்க் கோலங்களைத் திணிக்கவில்லை. ஜூனிக் கோலங்களையே தேடிப் பழகச் செய்தார்கள். இவர்களுக்கு இணையாக, ஜோசஃபின் நஹோஹாயும் அவருடைய குடும்பத்தாரும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் கிடங்கில் உள்ள பழைய ஜூனிக் குடங்களைப் பார்த்துக் கற்று வந்தார்கள்.

இந்த ஒரு செய்திக்காகத்தான் நான் இங்கே வந்தேன் என்று சொல்லலாம். ஸ்டீவன்சன் அள்ளிச் சென்றதால் ஊரில் முன்மாதிரிகள் இல்லாமல் போயின என்பது உண்மை. விற்பதற்காக வனைந்த பெண்கள் கோலத்தைச் சுருக்காமல், சுற்றுக்கோட்டை மூடாமல், பாட்டியிடம் கற்றபடியே தீட்டி அனுப்பியதால், கொள்ளுப்பேத்திகள் வந்து பார்த்துக் கற்க அங்கே ஒன்று இருந்தது என்பதும் உண்மை. சேகரித்தவர்கள் இதை எண்ணிச் செய்யவில்லை. நன்றி சொல்ல வேண்டுமானால் வனைந்தவர்களுக்கே சொல்ல வேண்டும்.

ஞாயிறு, கேலப்

ஜூனியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. ரயில் நிலையத்துக்கு எதிரே கடைத்தெரு முழுவதும் நகை, கம்பளம், மட்கலம். ரயிலில் போகிறவர் கையில் எடுத்துச் செல்லத் தக்க சிறு கலங்களுக்கு இங்கே எப்போதும் விலை உண்டு. ஜூனி ஆந்தை அவற்றுள் முதன்மையானது: வெண்பூச்சின்மேல் சிறகுகளைக் கருங்கோடுகளாகத் தீட்டிய, உருண்டைக் கண்ணுள்ள பொம்மை, சில ஆந்தைகளின் மேல் குஞ்சுகள் தொற்றியிருக்கும். இதைச் சுற்றுலாவுக்காக உருவானது என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் ரயில் வருவதற்கு முன், 1879இல் ஸ்டீவன்சன் திரட்டியவற்றிலேயே மண் ஆந்தைகள் உண்டு.

நெஞ்சுக்கோடு கொண்ட மானையும் கடைக்குக் கடை பார்த்தேன். அவற்றுள் பல, மெல்லிய சுவர் கொண்ட அகோமாக் குடங்கள். அகோமாவின் லூசி லூயிஸ் 1950களில் ஜூனி மானைத் தம் குடங்களில் தீட்டத் தொடங்கி, அது அவ்வூரிலும் பரவியது. ஜூனி மான் தேடுகிறவர்கள் சுவரின் கனத்தையும் கழுத்துக்கோலம் தனித்திருப்பதையும் பார்த்து வாங்க வேண்டும். பூர்வகுடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே கேள்வி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

இப்போது பெரும்பாலான கலங்களின் அடியில் கையொப்பம் இருக்கிறது. பெயரில்லாமல் அள்ளிச் சென்ற அதே சந்தை, இன்று பெயர் இல்லாவிட்டால் விலை குறைக்கிறது. பழைய கலங்களுக்கு என்ன செய்வது? சில அருங்காட்சியகங்கள் அட்டையில் ‘வனைந்தவர் ஒருகாலத்தில் அறியப்பட்டிருந்தார்’ என்று எழுதத் தொடங்கியிருக்கின்றன. சேகரித்தவர் பெயரை மட்டும் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். எல்லா அருங்காட்சியகங்களும் இதைப் பின்பற்ற வேண்டும்.

நான் ஒரு சிறு கிண்ணம் வாங்கினேன். உட்புறம் ஒரு தட்டான்பூச்சி, விளிம்பில் இடைவெளி விட்ட கோடு, அடியில் தெளிவான கையெழுத்தில் பெயர். ரசீதில் ‘ஜூனிக் கிண்ணம், ஒன்று’ என்று மட்டும் இருந்தது. அடியில் உள்ள பெயரையும் சேர்த்து எழுதித் தரும்படி கேட்டேன். கடைக்காரர் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்து, எழுத்துக்கூட்டி, எழுதித் தந்தார்.